பவர் டில்ட்: ‘திறன் ஒருச்சாய்வு’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அணு உலையின் உள்ளகத்தில், அதாவது எரிபொருள் இருக்கும் நடுப்பகுதியில், திறன் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைவதை ஆங்கிலத்தில் பவர் டில்ட் (power tilt) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நான்கு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்தவை மூன்று: திறன் ஏற்றத்தாழ்வு, திறன் சமச்சீரின்மை, ஒருபாற்கோட்டம். மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஏற்றத்தாழ்வு முதல் பத்தியிலேயே தடுக்கியது.

உள்ளகத்தில் திறன் எங்கும் ஒரே அளவாக இருப்பதே இல்லை. ஓரத்தில் பிறக்கும் நியூட்ரான்களில் ஒரு பங்கு வெளியே தப்பிவிடும்; நடுவில் பிறப்பவை அவ்வளவு எளிதில் தப்ப முடியாது. அப்படியே விட்டால் நடுவில் திறன் மிகும், ஓரத்தில் குறையும். புது எரிபொருளையும் பழைய எரிபொருளையும் மாற்றி மாற்றி அடுக்கி இதைக் கொஞ்சம் சமன் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த வடிவம். ‘ஏற்றத்தாழ்வு’ என்றால் வாசிப்பவர் இந்த இயல்பான மேடு பள்ளத்தைத்தான் நினைப்பார். இதற்குத் ‘திறன் பரவல்’ போதும். பவர் டில்ட் என்று பொறியாளர்கள் சொல்வது வேறொன்றை.

எங்கள் மன்னார்குடிப் பக்கத்து வாய்க்காலை வைத்தே சொல்கிறேன். தலைமடைக்கு வருகிற தண்ணீர் கடைமடைக்கு அதே அளவில் வராது. அது எல்லாருக்கும் தெரியும், அதற்குத்தான் முறை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே வாய்க்காலில், ஒரே மட்டத்தில், எதிரெதிரே ஒரே அளவுக் குழாய் போட்ட இரண்டு மடைகளில் ஒன்றில் தண்ணீர் மளமளவென்று ஏறி, மற்றதில் காலை நனைக்கக்கூட இல்லை என்றால்? அப்போதுதான் ஆள் மண்வெட்டியோடு கிளம்புவார். நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு குறுவையில் எங்கள் வயலுக்கு இப்படி ஆனது. ஆறுகள் பிரியும் மூணாறு தலைப்பில் பாமணியாற்றுக்கு விட்ட தண்ணீரில் குறை இல்லை. எங்கள் குழாய் வாயில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது.

டில்ட் என்பது இதுதான். சமமாக இருக்க வேண்டிய இடங்கள் சமமாக இல்லாமல் போவது. கூடங்குளத்தின் 1000 மெகாவாட் உலையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளகத்தில் அறுகோண வடிவில் 163 எரிபொருள் கட்டுகள். ஒவ்வொரு கட்டும் பல எரிபொருள் கோல்களைச் சேர்த்தது. நடுக்கட்டு ஒன்றை விட்டுவிட்டால் மீதி 162. ஆறு பங்காக வெட்டினால் பங்குக்கு 27. அடுக்கும்போது ஒரு பங்கைப் போலவே மற்ற ஐந்தையும் அடுக்கினால், எந்தக் கட்டுக்கும் அதே நிலையில் இன்னும் ஐந்து கட்டுகள் இருக்கும். அந்த ஆறும் ஒரே திறன் காட்ட வேண்டும். ஒரு பங்கில் மட்டும் கூடினால் ஏதோ நடந்திருக்கிறது.

மொத்தத் திறன் மாறாமலே இது நடக்கும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒரு பக்கம் கூடியதும் மறுபக்கம் குறைந்ததும் ஈடாகிவிட்டால் மொத்தக் கணக்கு அப்படியே நிற்கும். ஆனால் எரிபொருளுக்கு வரம்பு சராசரியை வைத்து இல்லை, மிகச் சூடான கோலை வைத்துத்தான். அதனால்தான் வெஸ்டிங்ஹவுஸ் வகை உலைகளின் இயக்க விதிகள் உள்ளகத்தை நான்கு கால்பங்குகளாகப் பிரித்து, அதிகத் திறன் காட்டும் கால்பங்கை நான்கின் சராசரியோடு ஒப்பிடச் சொல்கின்றன. விகிதம் 1.02ஐத் தாண்டினால், 1க்கு மேல் உள்ள ஒவ்வொரு சதவீதத்துக்கும் 3 சதவீதம் வீதம் உலையின் திறனைக் குறைக்க வேண்டும்.

காரணம் தேடுகிற வேலையையும் நம் சொல் தாங்க வேண்டும். முதல் சந்தேகம் அளக்கும் கருவி மேல். அது பொய் சொல்கிறதா என்று பக்கத்துக் கருவியையும், அந்தப் பக்கம் வெளியேறும் நீரின் வெப்பநிலையையும் வைத்துச் சரிபார்ப்பார்கள். சாய்வு உண்மைதான் என்றால் அப்புறம் நியூட்ரானை விழுங்கித் திறனைக் குறைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு ஏதாவது தவறி விழுந்ததா, மாட்டிக்கொண்டதா, கட்டு இடம் மாறி அடுக்கப்பட்டதா, உலைக்கு நீர் கொண்டுவரும் ஒரு சுற்றிலிருந்து மட்டும் குளிர்ந்த நீர் வருகிறதா என்று போகும். குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது. நியூட்ரான்களின் வேகத்தை நன்றாகத் தணிக்கும்; வேகம் தணிந்த நியூட்ரான்தான் எரிபொருளை எளிதில் பிளக்கும், அதனால் அந்தப் பக்கம் திறன் ஏறும். எரிபொருளின் மேல் படியும் துருப்படிவில் நியூட்ரானை விழுங்கும் போரான் தேங்கி அந்த இடத்தை அமுக்குவதும் உண்டு. ஆகாயத்தாமரை எனக்கு அங்கே மறுபடி நினைவுக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது செனான் கதை. ஒரு பக்கம் திறன் ஏறினால் அங்கே இருக்கும் செனான்-135 வேகமாக அழிகிறது. அது நியூட்ரானை விழுங்கும் பெரும்பசிக்காரன். அது குறையக் குறைய அந்தப் பக்கம் இன்னும் ஏறும். ஆனால் அதே நேரம் அங்கே அயோடின்-135 சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் அரை ஆயுள் 6.6 மணி நேரம். சில மணி நேரத்துக்குப் பிறகு அது செனானாக மாறி வந்து அந்தப் பக்கத்தை அமுக்கும், எதிர்ப்பக்கம் எழும். ஏறக்குறைய ஒரு நாள் அளவில் இப்படி மாறி மாறி ஆடும். உள்ளகம் பெரிதாக இருந்தால்தான் இந்த ஆட்டம். சிறியதில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பிடித்து வைத்துக்கொள்ளும். தாராப்பூரின் 540 மெகாவாட் உலைகளில் உள்ளகத்தை 14 மண்டலங்களாகப் பிரித்து அங்கே நியூட்ரானை விழுங்கும் சாதா நீரின் அளவைக் கூட்டிக் குறைத்து இதை அடக்குகிறார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘சமச்சீரின்மை’ பொருளில் தவறில்லை. ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்லாது, அதை வினையாக்கவும் முடியாது. ‘ஒருபாற்கோட்டம்’ அழகான சொல், ஆனால் இன்று கோட்டம் என்றால் மின்வாரியக் கோட்டம்தான் கண்முன் வரும், அதுவும் மின்சாரம் பற்றிய கட்டுரையில். வெறும் ‘சாய்வு’ என்று வைத்தால் பத்தாம் வகுப்புக் கணக்கில் நேர்க்கோட்டின் சாய்வோடு மோதும்.

என் சொல் ‘ஒருச்சாய்வு’. ஒருச்சாய்ந்து படுப்பது, வண்டி ஒருச்சாய்ந்து நிற்பது எல்லாம் நம் வீட்டுப் பேச்சு. நேராக இருக்க வேண்டியது ஒரு பக்கம் போய்விட்டது என்கிற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘உள்ளகம் வடகிழக்கே ஒருச்சாய்ந்திருக்கிறது’ என்று இரவுப் பணியில் இருப்பவர் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு உடனே புரியும். விகிதத்துக்கு ‘ஒருச்சாய்வு விகிதம்’. மிகுந்த இடத்தையும் சராசரியையும் ஒப்பிடும் எண்ணுக்கு ‘உச்ச விகிதம்’. செனான் ஆட்டத்துக்குப் பாடநூலில் உள்ள ‘அலைவு’ இருக்கிறது. ‘செனான் அலைவு’ என்றே வைக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நெடுக்கு அச்சில், அதாவது எரிபொருளின் நீளவாக்கில், வரும் திறன் வேறுபாட்டுக்கு மாட்டுவண்டிக்காரர்களின் முன்பாரம், பின்பாரம் மாதிரி ‘மேற்பாரம், அடிப்பாரம்’ என்று முதலில் எழுதினேன். கூடங்குளத்துக்கு அது பொருந்தும், அங்கே கட்டுகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளிலோ ஒவ்வொன்றிலும் எரிபொருள் வைக்கும் 306 குழாய்களும் படுக்கைவாட்டில் கிடக்கின்றன, அடுத்தடுத்த குழாய்களில் நீர் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது. அங்கே எது மேல், எது அடி? முன்பாரம், பின்பாரம் என்றே இரண்டுக்கும் பொதுவாக வைத்துவிடலாமா, அல்லது நீர் நுழையும் முனையை வைத்துப் பெயர் சொல்வதா? உலையில் வேலை பார்த்த நண்பர்கள் குழுமத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பணியிடத்தில் இதை வாய்மொழியாக எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள், அதை வைத்து மொழிபெயர்ப்பைத் திருத்துகிறேன்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து