அப்ராசாக்ஸ் மணிக்கற்கள்: ஞானவாதிகளின் சின்னமா, நோய் தீர்க்கும் தாயத்தா?

மரகதவல்லி:
கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளில் எகிப்திலும் உரோமப் பேரரசின் பிற பகுதிகளிலும் அணியப்பட்ட சிறு மணிக்கற்களில் ஓர் உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குச் சேவல் தலை. உரோமப் போர்வீரனின் மார்புக்கவசம் பூண்ட மனித உடல். கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாம்புகள். ஒரு கையில் சாட்டையும் மறு கையில் கேடயமும் ஏந்தி நிற்கும் அவ்வுருவத்தோடு ‘இயாஓ’ என்ற இறைப்பெயரும், பல கற்களில் ‘அப்ராசாக்ஸ்’ என்ற பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. கிரேக்க எழுத்துகளுக்கு உரிய எண்மதிப்புப்படி இப்பெயரின் ஏழு எழுத்துகளைக் கூட்டினால் 365 வரும். லியோன் நகர ஆயர் இரேனியஸ், ஞானவாதிகளை மறுத்து ஏறத்தாழ 180இல் எழுதிய நூலில், அலெக்ஸாந்திரியாவில் போதித்த ஞானவாத ஆசான் பசிலிடஸின் வழிவந்தோர் 365 வானங்களை நம்பினர் என்றும் அவற்றின் தலைவனை இதே பெயரால் அழைத்தனர் என்றும் கூறுகிறார். பெயரும் எண்ணும் இவ்வாறு பொருந்தி நிற்கையில், இவை, இரகசிய ஞானத்தால் ஆன்மா விடுதலை பெறும் என்று நம்பிய, நாஸ்டிக் எனப்படும் ஞானவாதிகளின் காப்புச் சின்னங்கள் என்பதை ஏன் மறுக்க வேண்டும்?

கல்வெட்டுப்பித்தன்:
அம்மையீர், பெயர் பொருந்துகிறது, உருவம் பொருந்தவில்லை. சேவல் தலையைப் பற்றியோ பாம்புக் கால்களைப் பற்றியோ இரேனியஸ் ஒரு சொல்லும் எழுதவில்லை. 365 என்பது ஆண்டின் நாள்கணக்கு. அதை எந்தப் பிரிவும் தனியுரிமை கொண்டாட இயலாது. எகிப்தின் மந்திரப் பாப்பிரஸ் சுவடிகளில், பசிலிடஸின் போதனைக்குத் தொடர்பே இல்லாத சடங்குகளிலும் இப்பெயர் ஓதப்படுகிறது. ‘ஞானவாத மணிகள்’ என்ற அடையாளத்தை நிலைநாட்டியவர்கள் பிற்கால ஐரோப்பியச் சேகரிப்பாளர்களே. 1657இல் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்த நூலொன்று அவற்றை அப்ராசாக்ஸ் என்ற தலைப்பின் கீழேயே தொகுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேம்பெல் பானர் 1950இல் இக்கற்களை விரிவாக ஆராய்ந்து, பெரும்பாலானவை மந்திர, மருத்துவத் தாயத்துகளே என்று காட்டினார்.

எனக்கு இக்கற்களின் சுவையே அவர் காட்டிய அந்த மருத்துவப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒளிக்கதிர் சூழ்ந்த சிங்கத் தலையோடு பாம்பாய் நெளியும் க்னூபிஸ் என்ற தெய்வ உருவம் வயிற்று நோய்க்கு உரியது. பச்சை ஜாஸ்பர் கல்லில் கதிர் சூழ்ந்த பாம்பைச் செதுக்கி அணியும் வழக்கத்தைக் குறிப்பிடும் மருத்துவர் காலென், தாமே அக்கற்களைக் கோத்து வயிற்றின் வாய்வரை தொங்கவிட்டுச் சோதித்ததாகவும், உருவம் செதுக்காத கல்லும் அதே பயனைத் தந்ததாகவும் எழுதியுள்ளார்! குனிந்து கதிர் அறுக்கும் உழவனின் உருவம் இடுப்பு வலிக்கு; நாள் முழுதும் குனிந்தும் நோகாத முதுகைக் காட்டி நோயாளியின் முதுகை நிமிர்த்தும் ஏற்பாடு அது. கருப்பையைக் கவிழ்த்த குடமாகவும் அதன் கீழே ஒரு சாவியையும் ஹேமடைட் என்னும் இரும்புத் தாதுக் கல்லில் செதுக்கினர். தேய்த்தால் செந்நிறம் காட்டும் அக்கல் இரத்தப்போக்கை அடக்கும் என்று நம்பினர். வயிற்றுக்கான சில கற்களில் ‘செரிக்கச் செய்’ என்ற கட்டளையே எழுதப்பட்டிருக்கிறது. உலகைப் படைத்தவனிடமிருந்து ஆன்மாவை மீட்க எண்ணியவர்களின் தத்துவத்தை இவற்றில் எங்கே தேடுவது?

அலெக்ஸாந்திரியா வாசகன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவற்றை முத்திரைக் கற்கள் என்று நினைப்போருக்காக ஒன்று சொல்ல வேண்டும். முத்திரையில் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். இக்கற்களில் பெரும்பாலும் எழுத்துகள் நேராகவே உள்ளன. ஆகவே இவை உடலில் அணிவதற்கென்றே செய்யப்பட்டவை.

மரகதவல்லி:
செரிமானக் கற்களை நான் ஞானவாதத்தில் சேர்க்கவில்லை, ஐயா. ஆனால் தாங்கள் சான்று காட்டும் பானரே 1949இல் வெளியிட்ட ஒரு கல்லைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள். அதன் ஒருபுறம் சிங்கத்தலை உருவமும் ‘இயல்தபாஓத்’, ‘ஆரியேல்’ என்ற பெயர்களும் உள்ளன. மறுபுறம் இயாஓ, சபாஓத், அதோனாய், ஹோரேயோஸ் முதலான, வானங்களை ஆளும் ஏழு அதிபதிகளின் பெயர்கள். ஓபைட் என்ற ஞானவாதப் பிரிவினரின் வானுலக வரைபடத்தை விளக்கும் கிறித்தவ அறிஞர் ஓரிகென் ஏறத்தாழ இதே பட்டியலைத் தருகிறார். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் உள்ள ‘யோவானின் இரகசிய நூல்’ என்ற ஞானவாத நூலும் இயல்தபாஓத்தைச் சிங்கமுகப் பாம்பாகவே வருணிக்கிறது.

கல்வெட்டுப்பித்தன்:
அந்த ஒரு கல்லை ஞானவாதக் கல் என்று பானரே ஏற்றுக்கொண்டார், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஞானவாதிகளின் பார்வையில் இயல்தபாஓத் ஆன்மாவைச் சிறைவைத்த அறியாமையின் அதிபதி. சிறைக்காவலனின் உருவத்தைக் காப்பாக அணிவது எந்த நியாயம்?

மரகதவல்லி:
காவலனைக் கடந்து செல்வதற்காகத்தான். இறந்தபின் மேலேறும் ஆன்மா வானங்களின் ஒவ்வொரு வாயிலிலும் அதன் அதிபதியைப் பெயர் சொல்லி அழைத்து, உரிய அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்ற சொற்களை ஓரிகெனே எடுத்துக் காட்டுகிறார். எனவே அக்கல்லை வணக்கப் பொருளாகக் கொள்ளாமல் வாயில் கடக்கும் அனுமதிச் சீட்டாகக் கொள்வதே பொருந்தும்.

கல்வெட்டுப்பித்தன்:
அக்கல்லுக்கு அவ்விளக்கம் பொருந்தலாம். சேவல்தலையன் எந்த வாயிலில் நிற்கிறான் என்பதற்கு அந்தப் பட்டியல்களில் ஒரு வரியேனும் இருந்தால் காட்டுங்கள். அதுவரை, அருங்காட்சியகங்களில் உள்ள அவனுடைய கற்களை மந்திரத் தாயத்துகள் என்றே அழைப்பேன்.