மணல் வடிகட்டி அடைப்பைக் கணிக்க ஒரு சமன்பாடு போதாதா?

மணல்மேடு: மெது மணல் வடிகட்டி, அதாவது நீரை மணல் படுகை வழியே மெல்ல இறக்கிச் சுத்தம் செய்வது, எப்போது அடைக்கும் என்று கணிக்க ஒரு மாதிரி எழுதுகிறேன். பாக்டீரியா வளர்ச்சிக்கு மோனோ சமன்பாடு (உணவின் அளவைப் பொறுத்து வளரும் வேகத்தைச் சொல்வது). மணலில் ஒட்டி வளரும் பாக்டீரியாப் படலம் (உயிர்ப்படலம்) பிடித்துக்கொண்ட இடத்தைத் துளைகளின் அளவில் கழித்துவிட்டு, மீதியைக் கோசெனி-கார்மன் சமன்பாட்டில் போட்டால் ஊடுருவுதிறன், அதாவது மணல் எவ்வளவு எளிதாக நீரை விடுகிறது என்பது, வந்துவிடும். லேப்டாப்பில் நொடியில் ஓடுகிறது. துளை துளையாக வரைந்து நாள்கணக்கில் கணினியை ஓட்டுகிறவர்கள் எதற்கு அவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?

நுண்துளை: உங்கள் சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். மணலில் துளைகளின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 30க்கு இறங்கினால் ஊடுருவுதிறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும், அவ்வளவுதான். மணல் நிரப்பிய குழாய்களில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்தபோது 100 மடங்கு, 1000 மடங்கு என்று விழுந்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி படலம் எல்லா மணலிலும் சீராகப் படியும் என்று வைத்துக்கொள்வதுதான் கோளாறு. இரண்டு மணல் துகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஒரு திட்டு உட்கார்ந்தால் போதும், அதன் பின்னால் உள்ள துளை காலியாக இருந்தும் பிரயோசனமில்லை. 1995லேயே வண்டெவிவெர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அப்போது இருந்த இதுபோன்ற மாதிரிகளைச் சோதித்தார்கள். பருமணலில் ஓரளவு பொருந்தின, நுண்மணலில் கைவிட்டன.

மணல்மேடு: சரி, சமன்பாட்டில் துளைப் பங்கின் அடுக்குக்குறியை (power) ஏற்றினால் பொருந்திவிடுமே?

நுண்துளை: அந்த மணலுக்கு, அந்த வேகத்துக்குப் பொருந்தும். பம்பு வைத்து ஒரே அளவு நீரைத் தள்ளினால், வழி குறுகக் குறுக வேகம் கூடி, நீரே படலத்தைப் பிய்த்து எறியும். அடைத்த வழி திறக்கும், மறுபடி அடைக்கும். நீர்மட்டத்தை மாற்றாமல் வைத்தாலோ ஓட்டம் குறையும், உராய்வும் குறையும், படலம் நிம்மதியாக வளரும். ஒரே மணல், ஒரே பாக்டீரியா, இரண்டு முடிவு! உங்கள் அடுக்குக்குறி எதைச் சொல்லும்?

பம்ப்ஹவுஸ்: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் வடிகட்டி ஓட்டுகிறவன். எங்களுக்கு அடைப்பு என்பது மேலே உள்ள 1–2 செ.மீ.தான். நீர் இறங்கவில்லை என்றால் அதைச் சுரண்டி எடுப்போம், அடியில் உள்ள மணல் நன்றாகவே இருக்கும். அந்த மேல் படலத்தில் பாக்டீரியா மட்டுமா? பாசி, வண்டல் எல்லாம் கலந்து கொழகொழவென்று இருக்கும். நீரைச் சுத்தம் செய்வதும் பெரும்பாலும் அதுதான், சுரண்டிய பிறகு மறுபடி பிடிக்க நாளாகும். முழுப் படுகைக்கும் சராசரி எடுத்தால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

மணல்மேடு: அப்படியானால் மேல் 2 செ.மீ.க்குத் தனிக் கணக்கு, கீழே பழைய சமன்பாடு. அப்போதும் துளை துளையாக வரையத் தேவையில்லை.

நுண்துளை: அந்த 2 செ.மீ.க்கான எண் எங்கிருந்து வரும்?

மணல்மேடு: அழுத்த இழப்பை அளந்து எடுத்துக்கொள்வேன்.

பம்ப்ஹவுஸ்: தம்பி, எங்களிடம் நீரழுத்தம் காட்டும் அளவுக்குழாய் மணலுக்கு மேலே ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று. படலத்துக்கு நேர் அடியில் மூன்றாவதாக ஒன்று வைக்காமல் அந்த எண் கிடைக்காது.