திருமண ஆலோசனை வகுப்பும் பெண்ணியமும்: கீழ்ப்படிதல் யாருக்கு?

கேள்வி: நாஞ்சில் வாசகி

எங்கள் சபையில் என் திருமண அறிவிப்பான முதல் ஓலை சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் எனக்கும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவருக்கும் இரண்டு மணி நேரம் ஆலோசனை வகுப்பு நடந்தது. கையில் கொடுத்த அச்சுத் தாளில் ‘மனைவியின் கடமைகள்’ ஒன்றரைப் பக்கத்துக்கு நீண்டிருந்தன. ‘கணவனின் கடமைகள்’ மூன்று வரிகளில் முடிந்துவிட்டன, அவற்றில் ஒன்று ‘குடும்ப ஜெபத்தை நடத்துதல்’. நவீனப் பெண்ணியம் குடும்பங்களைக் குலைக்கிறது, கற்பைக் கேலி செய்கிறது என்று குருவானவர் பலமுறை சொன்னார். அவருடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. உடலுறவு திருமணத்துக்கு உள்ளேதான் என்பதை நானும் நம்புகிறேன். சென்னையில் உடன் வேலை பார்க்கும் தோழிகள் அதைக் கேட்டுச் சிரித்ததும் உண்டு. அதே நேரத்தில் சொத்திலும் ஊதியத்திலும் வீட்டு முடிவுகளிலும் பெண்ணுக்குச் சமமான பங்கு வேண்டும் என்றும் நம்புகிறேன். இவ்விரண்டையும் ஒருசேர நம்புவது முரண்பாடா? பழமையான கிறிஸ்தவ நிலைப்பாட்டில் உள்ளவர்கள் பெண்ணியத்தில் எதை மறுக்கிறார்கள், எதற்காக மறுக்கிறார்கள் என்பதை யாராவது நிதானமாக விளக்க முடியுமா?

பதில் 1: பாளை ஓய்வாசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு, நான் பழமைவாதிதான்; அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. அப்போஸ்தலன் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் எண்ணிப் பாருங்கள். மனைவிகளுக்குச் சொல்லப்பட்டது 22 முதல் 24 வரை, மூன்று வசனங்கள். புருஷர்களுக்குச் சொல்லப்பட்டது 25இல் தொடங்கி அதிகாரத்தின் முடிவுவரை நீள்கிறது. உங்கள் சபைத் தாளை எழுதியவர் பவுலின் கணக்கை அப்படியே தலைகீழாக்கியிருக்கிறார். மேலும் 22ஆம் வசனத்துக்கு முன்னால் 21ஆம் வசனம் ஒன்று இருக்கிறது: ‘தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.’ மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் 22ஆம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே கிடையாது. 21இன் வினையைத்தான் அது கடன் வாங்கிக்கொள்கிறது. குடும்பத்தில் புருஷன் தலை என்பதை நான் இன்றும் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தலைமைக்குப் பவுல் காட்டும் மாதிரி சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்து. உத்தரவு போடும் மேலதிகாரியை அவர் அங்கே நிறுத்தவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் மறுப்பது பெண்ணுக்கு வாக்கோ சொத்தோ ஊதியமோ கேட்கும் பெண்ணியத்தை அல்ல. இருவரும் சம்மதித்தால் போதும், பாலுறவைப் பற்றி வேறெந்தக் கேள்வியும் எழாது என்னும் கொள்கையைத்தான் மறுக்கிறேன். சம்மதம் வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. அது மட்டும் போதாது என்பதே எங்கள் வாதம். பவுல் கிரேக்க நகரான கொரிந்துவுக்கு எழுதிய காலத்தில் ரோம ஆண் ஒருவன் அடிமைப் பெண்ணிடமும் விலைமாதரிடமும் போவதை ஊர் குற்றமாகக் கருதவில்லை; கற்பு என்னும் பாரம் மனைவியின் தலையில் மட்டுமே இருந்தது. அந்த ஊருக்குத்தான் அவர், மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி என்று சொன்ன அதே மூச்சில், புருஷனும் தன் சரீரத்துக்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி என்றும் எழுதினார். முதற்பகுதியைக் கேட்டு எந்தக் கொரிந்தியனும் திகைத்திருக்க மாட்டான்; இரண்டாம் பகுதி அவனைத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

பெண்ணுரிமைக்காரர்களும் ஒரு காலத்தில் இதைத்தான் கேட்டார்கள். இங்கிலாந்தில் 1864 முதல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்கள், படைவீரர்களின் நலனுக்காக என்று சொல்லி, விலைமாதர் எனச் சந்தேகிக்கப்பட்ட பெண்களைப் பிடித்துக் கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தின. ஆண்களை எவரும் தொடவில்லை. அவற்றை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடி 1886இல் நீக்கச் செய்த இயக்கத்தின் முகமாக இருந்தவர் ஜோசபின் பட்லர். ஜெபிக்கிற கிறிஸ்தவப் பெண்மணி, ஆங்கிலிக்கன் குருவானவரின் மனைவி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒழுக்க அளவுகோல் வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. 1960களுக்குப் பிறகு எழுந்த பெண்ணியத்தின் ஒரு கிளையோடு எங்களுக்குள்ள பிணக்கு இதுதான்: இரட்டை அளவுகோலை அது சரியாகவே வெறுத்தது, ஆனால் பெண்ணுக்கு இருந்த அதே கட்டுப்பாட்டுக்குள் ஆணையும் கொண்டுவருவதற்குப் பதிலாக ஆண் எடுத்துக்கொண்ட சலுகையைப் பெண்ணுக்கும் நீட்டித்தது. அதனால் லாபம் அடைந்தவன் பழைய ஆணே என்பது என் எண்ணம்.

ஆகவே முரண்பாடு உங்களிடம் இல்லை, சகோதரி.

பதில் 2: மார்த்தாண்டம் வழக்கறிஞர்

ஐயாவின் வேதபாடம் அழகாக இருக்கிறது. ஆனால் நான் வேலை செய்யும் இடம் நீதிமன்றம்; அங்கே வேறு பாடம் ஓடுகிறது.

இரட்டை அளவுகோலைக் கிறிஸ்தவம் ஒழித்தது என்கிறீர்கள். கிறிஸ்தவர்களுக்கென்றே ஆங்கிலேய அரசு இயற்றிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் பத்தாம் பிரிவைப் படித்திருக்கிறீர்களா? மனைவி ஒருமுறை பிறழ்ந்தாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். கணவன் பிறழ்ந்தால் மட்டும் போதாது. கொடுமை, இரண்டு ஆண்டுக் கைவிடல் போன்ற வேறொரு குற்றமும் அதோடு சேர்ந்திருந்தால்தான், அல்லது மணக்கக் கூடாத நெருங்கிய உறவினளோடு அவன் பிறழ்ந்திருந்தால்தான் மனைவிக்கு விடுதலை. இங்கிலாந்து இந்த ஏற்றத்தாழ்வை 1923இலேயே நீக்கிவிட்டது. இந்தியக் கிறிஸ்தவப் பெண் 2001 வரை காத்திருந்தாள். மேடை தோறும் கற்பைப் பற்றிப் பேசிய போதகர்களில் எத்தனை பேர் இந்தப் பிரிவுக்கு எதிராக ஒரு ஞாயிற்றுப் பிரசங்கம் செய்தார்கள்?

சொத்து இன்னும் மோசம். 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு, மகனுடைய பங்கின் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. விதவைக்குக் கிடைத்த உரிமையும் மறுமணம் செய்தால் போய்விடும். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரிலும் பின்னர் உருவான திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் நம் பாட்டிமாருக்கும் இதுவே சட்டம். கேரளக் கல்வியாளர் மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் அந்தச் சட்டம் 1951லேயே காலாவதியாகிவிட்டது என்றபோது கேரளச் சபை வட்டாரங்களில் எழுந்த முணுமுணுப்பு கொஞ்சமல்ல. 1662ஆம் ஆண்டு ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தில் மணமகள் கீழ்ப்படிவேன் என்று வாக்குக் கொடுப்பாள்; அதே ஆராதனையில் மணமகன் மோதிரத்தை அணிவித்து, என் உலக ஆஸ்தி அனைத்தையும் உனக்குத் தருகிறேன் என்பான். முதல் வாக்கு மட்டும்தான் நம்மவர்களின் நினைவில் தங்கியிருக்கிறது.

இன்னொன்று. ஐயா மேற்கோள் காட்டிய அந்தக் கொரிந்தியர் வசனத்தின் முதற்பாதியைச் சொல்லியே கட்டாயப்படுத்தப்பட்ட மனைவிகள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வல்லுறவுக்கு ஆளாக்கினால் அது வல்லுறவுக் குற்றமாகாது என்ற விதிவிலக்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

பதில் 3: தூத்துக்குடி செவிலி

நான் கத்தோலிக்கப் பெண். இருபது ஆண்டுகளாகப் பிரசவ வார்டில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்துப் பழமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லட்டும்.

1968ஆம் ஆண்டு ஜூலையில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை மறுத்தபோது உலகம் முழுவதும் பெண்கள் கோபித்துக்கொண்டார்கள். திருத்தந்தையின் ஆலோசனைக் குழுவிலேயே பெரும்பான்மையோர் மாற்றத்தின் பக்கம் நின்றவர்கள். அந்த மடலில் ஓர் எச்சரிக்கை உண்டு. கருத்தடை வழக்கமாகிவிட்டால் ஆண் பெண்ணின் உடல்நலத்தையும் மனநிலையையும் பொருட்படுத்தாமல், அவளைத் தன் இச்சைக்கான கருவியாகவே பார்க்கத் தொடங்கலாம் என்பது அது. இளவயதில் இதைப் படித்தபோது முதியவர் ஒருவரின் பயம் என்றுதான் நினைத்தேன். வார்டுக்கு வந்தபின் ஒன்றைக் கவனித்தேன். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்கான அறுவை எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். இருந்தும் கத்திக்கு முன்னால் படுப்பது எப்போதும் அவள்தான்.

ஆனால் எங்கள் திருச்சபை கற்பிக்கும் இயற்கை முறையும் கணவன் ஒத்துழைத்தால்தான் நடக்கும். மாதத்தில் சில நாட்கள் அவன் விலகியிருக்க வேண்டும். அட்டவணையில் நாட்களைக் குறித்துச் சுவரில் ஒட்டிவைத்த ஒரு பெண் நான்காவது பிரசவத்துக்கு வந்தாள். ‘தாளு என்னக்கா செய்யும், அவரு குடிச்சிட்டு வந்தா தேதி பாப்பாரா?’ என்று கேட்டாள். அந்தப் போதனையை நான் இன்னும் நம்புகிறேன். அதைப் பெண்களின் கூட்டத்தில் மட்டும் போதிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பதில் 4: பாளை ஓய்வாசிரியர்

வழக்கறிஞர் அம்மா சொன்ன சட்டங்களுக்கு என்னிடம் சாக்கு இல்லை. 1869ஆம் ஆண்டுச் சட்டம் வேதத்திலிருந்து வந்ததல்ல, 1857ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தின் நகல் என்று சொல்லலாம். ஆனால் நாங்கள் 132 ஆண்டுகள் அதோடு சௌகரியமாகக் குடித்தனம் நடத்தினோம் என்பதும் உண்மை. மனைவியைக் கட்டாயப்படுத்துவதற்கு அந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டுகிறவன் அதற்கு அடுத்த வசனத்தில் இருவரின் சம்மதத்தையும் பற்றி வரும் சொற்களைப் படிக்காதவன். பவுல் சம்மதம் என்னும் சொல்லையே பயன்படுத்துகிறார் என்பதை எங்கள் மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை. நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில்லை.

கேள்வி கேட்டவர்: நாஞ்சில் வாசகி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அந்தத் தாளையும் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தையும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவருக்கு அனுப்பி, வசனங்களை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அரை மணி நேரம் பதில் வரவில்லை. பிறகு, ‘எனக்கு வேலை அதிகம் போலிருக்கிறதே’ என்று எழுதினார். இரண்டாம் வகுப்பு வரும் சனிக்கிழமை. சீதனம் பற்றி அந்தத் தாளில் ஏன் ஒரு வரியும் இல்லை என்ற கேள்வியைக் குருவானவரிடம் அவரே கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.