பென்னி ஏலம்: தம்பிக்கு என்ன சொல்வது?

வணக்கம். அமெரிக்காவில் படிக்கும் என் தம்பி, பென்னி ஏலத் தளம் ஒன்றில் ஐபேட் எடுக்கத் துடிக்கிறான். ஒருமுறை ஏலம் கேட்க 60 சென்ட் கட்டணம். விலை உயர்வதோ ஒரே ஒரு சென்ட். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஏலம் முடியும் நேரமும் தள்ளிப்போகும். அப்படியானால் 50 டாலரில் முடியும் ஏலத்தில் 5,000 முறை கேட்டிருப்பார்கள், தளத்துக்கு அதிலேயே 3,000 டாலர்! தோற்றவருக்கும் கட்டணம் திரும்பாது. (இது ஏலமா, லாட்டரியா?)

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: தோற்றால் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு பொருளை முழு விலைக்கு வாங்கும் வசதி லாபமா? அந்த ‘முழு விலை’ கடை விலையைவிட அதிகமாக இருக்காதா? எதிரில் கேட்பவர் மனிதர்தானா என்று எப்படி அறிவது? கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுக்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் நல்லது. அன்றுதான் பணம் கட்டப்போகிறானாம்.