புதுப்பிப்பு: ஒப்பரேஷனுக்கு முதல் பிரஷர் குளிசை போடலாமா?

அம்மாவுக்குப் பித்தப்பை ஒப்பரேஷன், தினமும் போடுகிற லொசார்ட்டான் என்ற பிரஷர் குளிசையால் மயக்க மருந்து கொடுக்கும்போது சிறுநீரகத்துக்கு ஏதும் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நல்லபடி முடிந்து, அம்மா வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துவிட்டா.

மயக்க மருந்து டொக்டர் முதல் நாளே வந்து, குளிசைகளைக் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தா. லொசார்ட்டானை ஒப்பரேஷன் அன்று நிறுத்தச் சொன்னா. அட்டெனலோல் என்ற மற்றப் பிரஷர் குளிசையை மட்டும் ஒரு மிடறு தண்ணீரோடு கட்டாயம் போடட்டாம். அதைத் திடீரென விட்டால் இதயத்துக்கு ஆபத்து.

காரணத்தையும் பொறுமையாக விளங்கப்படுத்தினா. மயக்க மருந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்தி பிரஷரை இறக்கும். அந்த நேரம் சிறுநீரகம், வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயை இறுக்கித்தான் உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றும். அதற்கு ஆஞ்சியோடென்சின் என்ற, குழாய்களை இறுக்கும் உடலின் சொந்த ஹோர்மோன் தேவை. லொசார்ட்டான் அதன் வேலையைத்தான் தடுக்கிறது; எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் குளிசை அது உருவாவதையே தடுக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே விதி இல்லை. பிரான்ஸில் 2222 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், இந்த வகைக் குளிசைகளை ஒப்பரேஷனுக்கு முதல் நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பிலோ மரணத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. தொடர்ந்தவர்களுக்கு ஒப்பரேஷன் நடுவே பிரஷர் அதிகம் இறங்கியது. ஆகவே தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.

பிறகு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டே லொசார்ட்டானைத் திரும்பத் தொடங்கினார்கள். நோவுக்கு டைக்ளோஃபெனக் தரவில்லை, பரசிட்டமோல்தான். லொசார்ட்டானோடு டைக்ளோஃபெனக் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். பார்மசியில் சும்மா வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.