கலிஃபோர்னியா: வீட்டுக்காரர் டெபாசிட்டில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார், ஸ்மால் கிளெயிம்ஸ் (சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) போகலாமா?

கேள்வி:
சன்னிவேலில் 4 வருடம் இருந்த வாடகை வீடு. டெபாசிட் 3,200 டாலர். சாவி கொடுத்து 34-ஆம் நாள் 1,100 டாலருக்குச் செக் வந்தது, கூடவே "பெயிண்ட், கார்பெட் 2,100" என்று ஒற்றை வரி. ரசீது இல்லை. எவ்வளவு கேட்கலாம்? செக்கை பேங்கில் போடலாமா?

பதில் 1:
வாடகை டெபாசிட் பற்றிய கலிஃபோர்னியா சட்டப் பிரிவு, சிவில் கோட் 1950.5 பாருங்கள். காலி செய்த 21 நாளுக்குள் மீதியும் பிடித்தக் கணக்கும் வர வேண்டும். பிடித்தம் 125 டாலரைத் தாண்டினால் ரசீது நகலும் வேண்டும். வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரைத் தேதிதான் உங்கள் சாட்சி. செக்கிலோ கடிதத்திலோ "முழுத் தீர்வு" என்ற வாசகம் இருந்தால் மட்டும் போடாமல் வையுங்கள்.

பிடித்தது 2,100. கெட்ட எண்ணத்தோடு பிடித்தார் என்று நீதிபதி கருதினால் டெபாசிட்டைப் போல் இரண்டு மடங்கு வரை, அதாவது 6,400 வரை, மேற்கொண்டு தரலாம். ஆக உச்சம் 8,500. ஸ்மால் கிளெயிம்ஸில் தனிநபர் கேட்கக்கூடிய வரம்பு 12,500 என்பதால் இடிக்காது. அபராதம் கிடைத்தே தீரும் என்று நம்ப வேண்டாம், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

கார்பெட் எந்த வருடம் போட்டது? 10 வருடம் உழைக்கும் கார்பெட்டுக்கு 8 வருடம் ஆகியிருந்தால், நீங்களே கெடுத்திருந்தாலும் மிச்ச 2 வருட மதிப்புதான் உங்கள் தலையில் விழும்.

பதில் 2:
முதலில் தொகையும் கெடுவும் எழுதி ஒரு கடிதம், சர்ட்டிஃபைட் மெயிலில். பிறகு, சன்னிவேல் இருக்கும் சான்டா கிளாரா கவுன்டி (மாவட்டம்) கோர்ட்டில் வழக்குப் போடும் எஸ்சி-100 படிவம். 5,000-க்கு மேல் கேட்டால் கட்டணம் 75 டாலர்.

பலர் சறுக்குவது பிரதிவாதி பெயரில். லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) வீட்டுக்காரராக ஒரு எல்எல்சி (ஒருவகை கம்பெனி) இருந்தால் அதன் முழுப் பெயரையே போடுங்கள். மேனேஜர் பெயரில் தீர்ப்பு வாங்கினால் வசூல் ஆகாது. அடுத்து, வழக்கு நோட்டீஸைப் பிரதிவாதியிடம் நீங்களே கொடுக்கக் கூடாது. வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிரம்பிய ஒருவர் கொடுக்க வேண்டும்: அதே கவுன்டி என்றால் விசாரணைக்கு 15 நாள் முன், வெளியே என்றால் 20 நாள். கோர்ட் மூலம் தபாலில் அனுப்பி, வேறு யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கினால் தேதி தள்ளிப்போகலாம்.

பதில் 3:
இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. தோற்றால் வழக்குப் போட்டவருக்கு அப்பீலும் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் விசாரணை அன்றே காட்டிவிடுங்கள். படங்களை போனில் நீட்டாமல் பிரின்ட் எடுத்து மூன்று செட்.

ஜெயித்தாலும் 30 நாள் பொறுக்க வேண்டும். அப்புறமும் தராவிட்டால் ரிட் (தீர்ப்புத் தொகையை வசூலிக்கக் கோர்ட் தரும் உத்தரவு) வாங்கி ஷெரிஃப் மூலம் அவர் பேங்க் கணக்கில் கை வைக்கலாம். எந்த பேங்க் என்று தெரியாதா? நீங்கள் கொடுத்த பழைய வாடகைச் செக்கின் பின்பக்க நகலில் பெரும்பாலும் இருக்கும்.