பழைய ஸ்கேன் படம் கிடைக்காமல் போன அனுபவம் உண்டா?

ஈரோடு, சிடி டெக்னீசியன்
போன வாரம் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. அந்தியூர்ப் பக்கம் ஒரு பெரியவர், நுரையீரல் கட்டிக்கு மறு ஸ்கேன். பழைய ரிப்போர்ட்டில் 6 மி.மீ., இப்போது 9. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும் என்றார் டாக்டர். கன்சோலில், அதாவது ஸ்கேன் மெஷினின் கம்ப்யூட்டரில், தேடினால் பேரே இல்லை. டிஸ்க் நிறைந்ததும் பழையது தானாக அழிந்திருக்கிறது. ஸ்கேன் படங்களைத் தனியாகச் சேமித்து வைக்கும் பேக்ஸ் எங்களிடம் கிடையாது. பெரியவர் மஞ்சப்பையிலிருந்து ஃபிலிமை எடுத்தார். பைக்குள் அடங்கட்டும் என்று நாலாக மடித்திருந்தார். மடிப்புக் கோடு சரியாகக் கட்டி மேலேயே ஓடுகிறது. "இது போதுங்களா கண்ணு?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

கோவை, ஆஸ்பத்திரி ஐ.டி.
பேக்ஸ் இருந்தும் இழந்தவன் நான். முன்பு வேலை பார்த்த இடத்தில் ரெய்டு 5, அதாவது படங்களைப் பல டிஸ்க்கில் பிரித்து வைக்கும் முறை. ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் அவ்வளவுதான். பொங்கல் நெருங்கும்போது வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்: "அந்தப் பொட்டியில ஒரு லைட்டு தீபாவளிக்கே மஞ்சளாயிருச்சுங்க, பாக்கலீங்களா?" புது டிஸ்க் மாட்டி, போனதில் இருந்ததை மறுபடி உருவாக்கும் ரீபில்டு ஓடும்போதே இன்னொன்றும் போய்விட்டது. பேக்கப் டேப்பில் ஏற்றியிருந்தது பிழைத்தது. அதற்கப்புறம் எடுத்த ஏழு மாதப் படங்கள் போயே போய்விட்டன.

தாராபுரம், ரேடியாலஜிஸ்ட்
என்னிடம் ஒரே நாளில் இரண்டு பழனிச்சாமி. ஒருவர் முழங்கால் படம் இன்னொருவர் ஃபைலில். எலும்பில் ஸ்க்ரூ தெரிந்ததால் பிடித்தேன்.

ஆனால் ஈரோட்டுத் தம்பி, "தானாக அழிந்தது" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கன்சோல் களத்துமேடு மாதிரி, நெல்லைக் குதிரில் சேர்ப்பது நம் வேலை. கணக்குப் போடுங்கள். 512க்கு 512 புள்ளி உள்ள ஒரு சிடி ஸ்கேன் ஸ்லைஸ், அதாவது ஒரு குறுக்குவெட்டுப் படம், சுமார் அரை எம்.பி. ஒருவருக்கு 400 ஸ்லைஸ் என்றால் 200 எம்.பி. நாளுக்கு 40 பேர் என்றால் 8 ஜி.பி., வருடத்துக்கு 3 டி.பி.கூட வராது. தரம் குறையாமல் சுருக்கினால் அதிலும் பாதிக்குள் அடங்கும். இதற்கா இடமில்லை? 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி உள்நோயாளி ஆவணத்தை 3 வருடம் வைத்திருக்கணும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். வெளிநோயாளி என்றால் மட்டும் அழிக்க மனசு வருமா? இன்னொரு பிரதி வேறு கட்டிடத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பேரை வைத்துத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரி நம்பரை வைத்துத் தேடுங்கள்.

கோபி
அப்பிச்சியின் எம்.ஆர்.ஐ. படம் பதிந்த சிடி தட்டோடு கோவை போனோம். டாக்டர் லேப்டாப்பில் சிடி டிரைவே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை தேடி, பென்டிரைவில் ஏற்றி வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார்.

ஈரோடு, சிடி டெக்னீசியன்
டாக்டர் சொல்வது சரிதாங்க. நேற்றே முதலாளியிடம் பேசி, தினமும் ராத்திரி தனி டிஸ்க்கில் ஏற்றத் தொடங்கிவிட்டோம். பெரியவருக்கு வியாழக்கிழமை பயாப்சி. புதுப் படத்தை அட்டை வைத்து, மடிக்க முடியாதபடி கட்டிக் கொடுத்திருக்கிறேன்.